கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை

நாடு இல்லாத ஒருவரை இளவரசர் என்று எப்படி அழைப்பது? இந்தக் கேள்வியோடு ஒரு மாரிகாலம் முழுவதும் ஒஸ்லோவின் ட்ராம்களில் ஏறி இறங்கினேன். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் போயிருந்தன. எனக்கு நாற்பத்தைந்து வயது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சமையலறையில், நோயாளிகளுக்குப் போகும் சாப்பாட்டுத் தட்டுகளை வண்டிகளில் அடுக்கும் வேலை. உப்பில்லாதது, சீனியில்லாதது, அரைத்தது, அரைக்காதது. காலையில் தொடங்கினால் ஒரு மணி நேரத்தில் கை தானாக அடுக்கும். தலை வேறெங்காவது போய்விடும். அந்த மாரியில் என் தலை போன இடம் ஜெருசலேம்.

அனுப்பி வைத்தவர் ஒரு பல்வைத்தியர். நோர்வேகாரர், ஓய்வுபெற்றவர், எழுபதைத் தாண்டியவர், பனியில் நடக்கும்போதும் தொப்பி போடாதவர். அக்கா போகும் கத்தோலிக்கத் தேவாலயத்துக்கு அவரும் வருவார். அக்கா கத்தோலிக்கரான அத்தானைக் கட்டியபின் கோயில் மாறியவர். நான் மாறவில்லை. எந்த வாசலிலும் எட்டிப் பார்க்கிற பழக்கம் மட்டும் எனக்கு உண்டு. அப்படி ஒருநாள் எட்டிப் பார்த்தபோது அக்கா என்னைப் பிடித்து அவர் முன்னால் நிறுத்தினார்.

"இவன்தான் என்ரை தம்பி. ரெண்டு பாஷையிலையும் எழுதுவான். எழுதச் சொன்னால் மட்டும் எழுதமாட்டான்" என்றார் அக்கா. முதல் பாதியை மட்டும் அவருக்கு நோர்வேஜிய மொழியில் சொன்னேன்.

பல்வைத்தியர் ஒரு ரித்தர். குதிரையும் கவசமும் கொண்ட பழைய காலத்து வீரர்களுக்கு நோர்வேஜிய மொழியில் உள்ள சொல் அது. பல நூற்றாண்டுப் பழைய கத்தோலிக்க வீரர் சபை ஒன்றில் அவர் உறுப்பினர். ஒஸ்லோவில் அந்தச் சபைக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். வசந்தத்தில் சபையின் உலகத் தலைவர் ஒஸ்லோவுக்கு வரப்போகிறார். அன்று தேவாலயத்துக்குக் கீழே உள்ள மண்டபத்தில் நோயாளிகளுக்கு ஒரு மதிய விருந்து. அந்தத் தேவாலயப் பங்கில் நோயாளிகளில் பாதிப் பேர் தமிழர்கள். வந்திருப்பது யார், எதற்கு என்று அவர்களுக்குத் தெரியவேண்டும். அதனால் சபையின் வரலாற்றை நான்கு பக்கத்தில் தமிழாக்கித் தரமுடியுமா என்று கேட்டார்.

நான்கு பக்கம்தானே என்று வாங்கிக்கொண்டேன். அந்த நான்கு பக்கத்தை முடிக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

முதலில் வாள் இருக்கவில்லை. ஒரு சத்திரம்தான் இருந்தது. கடல் கடந்து, கால் தேய்ந்து ஜெருசலேமுக்கு வந்து, வந்த இடத்தில் காய்ச்சலில் விழுந்த யாத்திரிகர்களைத் தூக்கிப் படுக்கவைத்த சில துறவிகள். அவர்களுக்கு ஒரு தலைவர். அவர் எந்த ஊரில் பிறந்தார் என்றுகூட யாருக்கும் சரியாகத் தெரியாது. கஞ்சி காய்ச்சினார், கட்டுப் போட்டார், செத்தவர்களைப் புதைத்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் யாத்திரிகர் வரும் வழிக்குக் காவல் போட்டார்கள். காவலுக்கு வாள் வந்தது, வாளுக்குக் குதிரை வந்தது, குதிரைக்குக் கோட்டை வந்தது. பிறகு யுத்தம், தோல்வி, ஒரு தீவு. மறுபடி யுத்தம், தோல்வி, இன்னொரு தீவு. போன இடமெல்லாம் ஆஸ்பத்திரி கட்டினார்கள். கடைசியில் இருந்த தீவும் போயிற்று. இன்று அவர்களிடம் மண் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தலைவர் இருக்கிறார். அவருக்கு இளவரசர் என்ற பட்டம் இருக்கிறது. அவர் அனுப்பும் தூதரை நாடுகள் கதிரை போட்டு இருத்துகின்றன.

இடம்பெயரும்போது எதை முதலில் தூக்குவது, எதை விட்டுவிட்டு ஓடுவது என்ற கணக்கு எனக்கும் தெரியும். நிலத்தை விட்டுவிட்டுத் தலைமையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களை நான் கேள்விப்பட்டதில்லை. எப்படி ஓடினார்கள்? எதில் சுற்றிக் கொண்டுபோனார்கள்? தட்டு அடுக்கும்போதெல்லாம் இதுதான் யோசனை.

கேள்விகள் சேரச்சேரப் பல்வைத்தியரின் வீட்டுக்குப் போவேன். அவர் தன் பழைய கிளினிக்கிலிருந்து ஒரு நோயாளிக் கதிரையை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஜன்னலோரம் வைத்திருந்தார். மற்றக் கதிரைகளில் எல்லாம் கடதாசிக் கட்டுகள். ஆகவே நான் போனால் அந்தக் கதிரையில்தான் சாயவேண்டும். அண்ணாந்து படுத்தபடி வரலாறு கேட்டேன். வாயைத் திறக்கச் சொல்வாரோ என்று முதல் நாள் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

"வாள் பிடித்தவர்களுக்கு ஏன் கஞ்சிப் பானை?" என்று கேட்டேன்.

"தலைகீழாகக் கேட்கிறாய்" என்றார் அவர். "கஞ்சிப் பானை பிடித்தவர்களுக்கு ஏன் வாள் என்று கேள். அதற்கு எனக்கும் நல்ல பதில் இல்லை. இருநூறு பக்கம் வாசித்தால் பெருமையாக இருக்கும். அடுத்த இருநூறு பக்கத்தில் வெட்கமாக இருக்கும்."

"தலைவரை எப்படித் தெரிவு செய்வீர்கள்?"

"தெரிவு செய்யும் ஆட்களை ஒரு கட்டடத்துக்குள் விட்டுக் கதவைச் சாத்துவார்கள். முடிவு வந்த பிறகுதான் வெளியே வரலாம். தெரிவானவர் சாகும்வரை தலைவர். கல்யாணம் கட்டியிருக்கக்கூடாது. சொத்து வைத்துக்கொள்ள மாட்டேன், மேலே உள்ளவருக்குக் கீழ்ப்படிவேன் என்று துறவி மாதிரி வாக்குக் கொடுத்திருக்கவேண்டும்."

"சொத்தில்லாத இளவரசர்."

"ஆம்."

"நீங்கள் கல்யாணம் கட்டியவர்தானே. அப்போ தலைவராக முடியாது."

"முடியாது. அதோடு என் மனைவி கீழ்ப்படிதலை வேறு எவருக்கும் பகிர்ந்து கொடுக்க விடமாட்டாள்." உள்ளே இருந்த மனைவிக்குக் கேட்காத குரலில்தான் அதைச் சொன்னார்.

"அப்படியானால் தலைவருக்கு என்னதான் வேலை?"

அவர் ஜன்னல் திரையை விலக்கினார். வெளியே ட்ராம் கம்பியில் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. "பசியோடு நிற்பது" என்றார்.

அதைத்தான் மூன்றாம் பக்கமும் சொன்னது. பழைய காலத்தில் அந்தச் சபையினர் நோயாளிகளை எசமான்கள் என்று அழைத்தார்கள். எசமான்களுக்கு வெள்ளித் தட்டில் சாப்பாடு, வீரர்களுக்கு மரத் தட்டில். பிரபு வீட்டுப் பிள்ளைகள் முறைவைத்துப் பரிமாறினார்கள். தலைவரும் தன் முறைக்கு வந்து ஏப்ரன் கட்டினார். பிறகு அந்த வரி வந்தது: விருந்து நாளில் தலைவரே பரிமாறுவார்; கடைசி நோயாளி சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் கதிரையில் இருக்கவும் மாட்டார், உண்ணவும் மாட்டார்.

முதல் பாதியை எழுதினேன். இரண்டாம் பாதியில் பேனா நின்றது. எங்கள் சனம் பானை பானையாகச் சமைத்து வைக்கும் இடத்தில், தூர தேசத்திலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர் பசியோடு நிற்பாராம். இதைத் தமிழில் எப்படி அச்சடிப்பது? வாசிப்பவர்கள் எங்களை என்ன நினைப்பார்கள், அவரைத்தான் என்ன நினைப்பார்கள்? ஏதோ பழைய காலத்துச் சடங்கு, இந்தக் காலத்தில் அப்படியா நிற்கப்போகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, 'தலைவரும் நோயாளரோடு அமர்ந்து உணவருந்துவார்' என்று எழுதினேன். வடிவான வசனம். வடிவாக இருந்ததாலேயே அதை இரண்டாம் தரம் பார்க்கவில்லை.

நான்காம் பக்கத்தில் இன்னொரு செய்தி இருந்தது. ஒவ்வொரு வருடமும் மே மாதத்தில் சபை நோயாளிகளைப் பிரான்சிலுள்ள லூர்து மாதாவின் தலத்துக்கு ஒரு கிழமை கூட்டிப்போகும். ஒஸ்லோவிலிருந்து போகும் குழுவில் ஓர் இடம் மிச்சமிருந்தது. விருந்து நாளில் அதற்குப் பெயர் எடுப்பார்கள். மனைவியோ பிள்ளையோ வந்து சொன்னால் போதாது. நோயாளியே எசமானாக விருந்தில் இருந்து, நான் வருகிறேன் என்று தன் வாயால் சொல்லவேண்டும்.

அக்கா அந்தப் பக்கத்தை மூன்று தரம் வாசித்தார். பிறகு என்னை அம்மருட்டிலுள்ள தங்கள் வீட்டுக்கு வரச் சொன்னார்.

அத்தானைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் முதலில் நோர்வேக்கு வந்து இறங்கியது வடகோடியிலுள்ள ஹம்மர்பெஸ்டில். அங்கே மீன் தொழிற்சாலையில் கத்தி பிடித்தவர். இரண்டு இழுப்பில் முள்ளும் சதையும் வேறாகும் என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்வார்கள். ஒஸ்லோவுக்கு வந்து வேறு வேலைகள் பார்த்தார். பிறகு வலது கை நடுங்கத் தொடங்கியது. வைத்தியர் சொன்ன பெயர் பார்க்கின்சன். சும்மா மடியில் வைத்திருந்தாலே கை ஆடும். கரண்டி பிடித்தால் இன்னும் ஆடும். கனமான எதையாவது இரண்டு கையாலும் தூக்கினால் மட்டும் அடங்கும்.

இரண்டு வருடமாக அவர் வீட்டுக்கு வெளியே எங்கேயும் சாப்பிட்டதில்லை. அதை யாரும் கவனித்ததும் இல்லை. ஏனென்றால் அம்மருட்டில் எந்தப் பிறந்தநாள் விழாவானாலும், சாமத்தியச் சடங்கானாலும் பரிமாறுகிறவர் அவர்தான். சோற்று வாளியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போவார். "என்ன, கோழி மாதிரிக் கொறிக்கிறியள். போடுங்கோ, போடுங்கோ" என்று அதட்டுவார். நீங்கள் சாப்பிட்டியளோ என்று கேட்டால், "நான் முதல் ஆளாச் சாப்பிட்டிட்டன்" என்பார். பரிமாறுகிறவனின் தட்டை யார் தேடப்போகிறார்கள்?

பதினோராம் மாடியில், சமையலறை மேசையில் அக்கா பேச்சைத் தொடங்கினார். அத்தான் ஜன்னலுக்கு வெளியே காட்டைப் பார்த்தபடி இருந்தார். வலது கையை இடது கை பிடித்திருந்தது.

"இஞ்சேருங்கோ, ஒரு கிழமைதானே. விமானத்திலை போய் வாறது."

"ஆர் போறது?"

"நீங்கள்."

"வருத்தக்காரரைத்தானே கொண்டுபோயினம். இஞ்சை ஆர் வருத்தக்காரன்?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் தேநீரைப் பார்த்தேன்.

"தம்பி, நீ சொல்லு" என்றார் அத்தான் என்னிடம். "என்னைப் பாத்தால் வருத்தக்காரன் மாதிரியோ கிடக்கு?"

"இல்லை அத்தான்" என்றேன். கோழைத்தனம்.

"கேட்டீரோ? ஆஸ்பத்திரியிலை வேலை செய்யிறவன் சொல்லுறான்." பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "அண்டைக்குப் பரிமாற ஆள் வேணுமெண்டால் சொல்லுங்கோ. வாறன். எத்தினை பேருக்குச் சமைக்கிறியள்? அரிசி கழுவ முந்தி எனக்குச் சொல்லுங்கோ. போனமுறை மாதிரிக் களியாக்கிப் போடாதேயுங்கோ."

வாசலில் சப்பாத்துப் போடும்போது அக்கா பின்னால் வந்தார்.

"கதிரையளுக்குப் பேர்த்துண்டு எழுதுறது நீதானே. இவரின்ரை பேரையும் எழுது."

"அக்கா, அவர் கண்டால்..."

"எனக்கு அற்புதம் ஒண்டும் வேண்டாமடா. கை சுகமாக வேணும் எண்டுகூட நான் கேக்கேல்லை. இந்த மனுசன் ஒரு கிழமைக்கு ஒளிக்காமல் இருந்தால் போதும். எனக்கு ரெண்டு வருசமா அவரோடை சேர்ந்து ஒளிச்சுக் களைச்சுப் போச்சு."

எழுதினேன். தமிழிலும் நோர்வேஜிய மொழியிலும், மற்றப் பதினேழு பேரின் துண்டுகளோடு பதினெட்டாவதாக.

விருந்து ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிறகு. முதல்நாளே பங்கின் தமிழ்க் குழு மண்டபத்தைச் சோடித்துவிட்டது. நடுவில் ஓர் உயர்ந்த கதிரை, அதில் சிவப்புப் பட்டுத் துணி, முன்னால் தனி மேசை. அது உலகத் தலைவருக்கு. அவர் நோயாளரோடு அமர்ந்து உணவருந்துவார் என்று என் துண்டுப்பிரசுரம் சொல்லியிருக்கிறதே. தமிழ்நாட்டிலிருந்து ஆராய்ச்சி வேலைக்கு வந்திருந்த ஒரு பெண் பொன்னாடை கொண்டுவந்திருந்தாள்.

"சார், சீஃப் கெஸ்ட்டுக்கு யார் சால்வை போடறது? நீங்களா?" என்று கேட்டாள்.

"எங்கடை தமிழ்க் குழுத் தலைவர் போடுவார். அவரை விட்டு வேறை ஆரும் போட்டால் பிறகு மூண்டு மாசத்துக்கு எங்களோடை கதைக்கமாட்டார்."

"அப்போ எங்க ஊரு மாதிரியேதான்" என்று சிரித்தாள்.

காலையில் பல்வைத்தியர் பெயர்த்துண்டுகளை வைக்க வந்தார். பட்டுத் துணி போட்ட உயர்ந்த கதிரையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள்" என்று என் தோளைத் தட்டினார். எனக்கு எது புரிந்தது என்று எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் பார்த்தேன், அந்தக் கதிரைக்கு முன்னால் ஒரு நோயாளியின் பெயர்த்துண்டை வைத்திருந்தார். அடுக்கில் எல்லாவற்றுக்கும் மேலே கிடந்த துண்டு. அத்தானின் துண்டு.

எடுத்து மாற்றி வைக்கலாம் என்று போனேன். அதற்குள் பூசை முடிந்து சனம் படியிறங்கத் தொடங்கிவிட்டது.

தலைவர் வந்தார். அறுபது வயதிருக்கும். மெலிந்த, உயரமான மனிதர். கறுப்பு அங்கி, மார்பில் வெள்ளைச் சிலுவை. தமிழ்க் குழுத் தலைவர் பொன்னாடையைப் போர்த்தினார். வந்தவர் ஆங்கிலத்தில் நன்றி சொல்லி, அதை அழகாக மடித்து, உயர்ந்த கதிரையின் முதுகில் விரித்துவிட்டார். அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஒரு வெள்ளை ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனார். மற்ற ரித்தர்களும் அப்படியே செய்தார்கள். ஓர் எஞ்சினியர், ஒரு நீதிபதி, பல்வைத்தியர், இன்னும் இருவர்.

சமையலறையில் அத்தான் ஏற்கெனவே வாளியும் கையுமாக நின்றார். இளவரசர் தன் பக்கத்தில் வந்து தட்டு எடுப்பதைப் பார்த்து என்னிடம் கேட்டார், "உந்தாள் ஆர் புதுசு? பழகின கை மாதிரித் தெரியேல்லை. சூடு எண்டு சொல்லு."

தட்டுகள் மேசைக்குப் போயின. சோறு, மீன்குழம்பு, பருப்பு, கத்தரிக்காய். தங்கக் கரை போட்ட பீங்கான் தட்டுகள். பல்வைத்தியர் தன் வீட்டு அலுமாரியிலிருந்து மனைவிக்கு விளக்கம் சொல்லி எடுத்துவந்தவை. பதினேழு பேருக்கு முன்னாலும் வைத்தாயிற்று. செபமும் முடிந்தது.

ஒருவரும் சாப்பிடவில்லை.

தமிழர்கள் தொடங்கவில்லை; அவர்களைப் பார்த்து மற்றவர்களும் தொடங்காமல், பதினேழு பேரும் கையை மடியில் வைத்தபடி இருந்தார்கள். சிறுநீரகம் பழுதான ஒரு முதியவர், பார்வை மங்கிய ஒரு பெரியம்மா, நெஞ்சில் கருவி வைத்த ஒருவர். குழம்பிலிருந்து ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. சுவரோரம் ஏப்ரனோடு நின்ற ரித்தர்கள் அவர்களைப் பார்த்தார்கள்; அவர்கள் ரித்தர்களைப் பார்த்தார்கள். பதினெட்டாவது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தலைவர் உயர்ந்த கதிரைக்குப் பின்னால் நின்றார்.

"ஏன் சாப்பிடவில்லை?" பல்வைத்தியர் என் காதருகே கேட்டார். "உறைப்பா?"

"தலைவர் வந்து கதிரையில் இருக்கட்டும் என்று பார்க்கிறார்கள்."

"அவர் இருக்கமாட்டாரே. மூன்றாம் பக்கத்தில் இருக்கிறதே."

"அந்த வரியை நான் மாற்றிவிட்டேன்" என்றேன்.

"எதை?"

"பசியோடு நிற்பதை. எழுத மனம் வரவில்லை. சேர்ந்து உண்பார் என்று எழுதிவிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். ஒரு வேரைப் பிடுங்கலாமா விடலாமா என்று பார்க்கும் பார்வை. "இப்போது சொல்" என்றார். "சத்தமாக."

சொன்னேன். அந்த மண்டபத்தின் நடுவில் நின்று, நான் எழுதியது பிழை என்று சொன்னேன். கடைசி நோயாளி சாப்பிட்டு முடிக்கும்வரை இவர் இருக்கவும் மாட்டார், உண்ணவும் மாட்டார்; அதுதான் இவருடைய பதவி என்று சொன்னேன். ஒரு சின்ன முணுமுணுப்பு எழுந்தது.

"வந்த ஆளைப் பட்டினி போட்டிட்டு எங்களுக்கு எப்பிடித் தம்பி இறங்கும்?" என்றார் சிறுநீரக முதியவர்.

"நீங்கள் கெதியாச் சாப்பிட்டால் அவரும் கெதியாச் சாப்பிடுவார் ஐயா" என்றேன்.

"அப்ப அந்த நடுக் கதிரையிலை பேர் போட்டிருக்கிறவர் எங்கை? அவர் வந்து இருக்காமல் எப்பிடித் தொடங்கிறது? சபை மரியாதை எண்டு ஒண்டு இல்லையோ?"

எல்லாக் கண்களும் வெறுமையான கதிரைக்குப் போயின. அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறை வாசலில் வாளியோடு நின்ற அத்தான் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"ஆரின்ரை பேர் அதிலை?"

"உங்கடை."

"ஆர் எழுதினது?"

"நான்தான்."

"உன்ரை அக்கா சொல்லி."

"ஓம்."

அவர் வாளியைக் கீழே வைக்கவில்லை. வைத்தால் கை ஆடும் என்று எனக்குத் தெரியும். வாளிக்கு மேலால் அந்தத் தலைவரைப் பார்த்தார்.

"நான் போய் இருக்குமட்டும் அந்தாள் உப்பிடியே நிக்குமோ?"

"நிக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"அதுகள் எத்தினையோ நூறு வருசமா நிண்டு பழகின ஆக்கள் அத்தான்."

"விசர் கூட்டம்" என்றார். கோபமா வியப்பா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. "காலமை பூசைக்கு முந்தி ஏதும் திண்டிருக்குமோ?"

"தெரியாது. இருக்காது எண்டுதான் நினைக்கிறன்."

"சோறு வேறை ஆறுது."

வாளியை வாசல்படியில் வைத்தார். கையை ஏப்ரனில் துடைத்தார். வலது கை ஆடத் தொடங்கிவிட்டது; அதைப் பிடிக்க இடது கை போகவில்லை. அம்மருட்டில் பாதிப் பேருக்குச் சோறு போட்ட அந்தக் கை பக்கத்தில் தொங்கி ஆடியபடியே இருக்க, வரிசைகளுக்கு நடுவால் நடந்து போய், பட்டுத் துணி போட்ட கதிரையில் இருந்தார். தலைவர் குனிந்து தட்டை முன்னால் வைத்தார்.

அத்தான் கரண்டியைத் தொடவில்லை. கையால் பிசைந்தார். முதல் கவளத்தில் பாதி வெள்ளை மேசைத் துணியில் விழுந்தது. குழம்பு தெறித்தது. யாரோ கதைக்கத் தொடங்கி நிறுத்தினார்கள். அத்தான் நிமிர்ந்து எதிர்வரிசையைப் பார்த்தார்.

"என்ன பாக்கிறியள்? தின்னுங்கோ" என்றார்.

தட்டுகளில் கைகள் இறங்கின.

எல்லோரும் முடித்துவிட்டார்கள். அத்தான் முடிக்கவில்லை. அவருடைய ஒரு கவளத்துக்கு மற்றவர்களின் நாலு கவள நேரம் பிடித்தது. பாயசம் வந்தது, கோப்பி வந்தது. அப்போதும் அந்த மனிதர் கதிரைக்குப் பின்னால், கையைக் கட்டாமல், சுவரில் சாயாமல் நின்றார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை கோட்டைகள், எத்தனை கப்பல்கள், கதவைச் சாத்தி நடத்திய எத்தனை தேர்தல்கள். எல்லாம் வந்து நிற்பது இங்கே, ஒரு மீன்வெட்டும் தொழிலாளி முள் எடுத்து முடிக்கும்வரை. இதைத்தான் சுற்றிக் கொண்டு ஓடினார்களோ. பிறகு அவருடைய வயிற்றிலிருந்து ஓர் உறுமல் கேட்டது. எனக்கும் கேட்டது, அத்தானுக்கும் கேட்டது.

அத்தான் என்னைக் கிட்டக் கூப்பிட்டார். "இன்னும் கொஞ்சச் சோறு போடச் சொல்லு."

"அத்தான், அந்தாளுக்குப் பசிக்குது."

"தெரியும். போடச் சொல்லு. உண்மையாத்தான் நிக்குதோ எண்டு பாப்பம்."

சொன்னேன். தலைவர் சமையலறைக்குப் போய்ச் சோறும் ஒரு துண்டு மீனும் கொண்டுவந்தார். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. அத்தான் இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு தட்டைத் தள்ளிவிட்டு, "காணும். போய்ச் சாப்பிடச் சொல்லு பாவத்தை" என்றார்.

தலைவர் எங்கே சாப்பிடுகிறார் என்று பார்க்கும் ஆவலில் பின்னாலேயே போனேன். கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, அடிச்சோற்றையும் குழம்பையும் பிளாஸ்டிக் கிண்ணத்தில் போட்டு, அவசர அவசரமாகத் தின்றார். உண்மையான பசி. இது என்ன மீன் என்று கேட்டார். சொன்னேன். இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

திரும்பி வந்தபோது பல்வைத்தியர் பட்டியலோடு வாசல் மேசையில் இருந்தார். அவருக்கு முன்னால் அத்தான். அக்கா நாலடி தள்ளி, மேலங்கியை மார்போடு அணைத்தபடி நின்றார், கிட்டப் போகவில்லை. நான் மொழிபெயர்க்கப் போனேன். அத்தான் ஆடுகிற கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

நோயாளியா, உதவியாளரா என்று பல்வைத்தியர் நோர்வேஜிய மொழியில் கேட்டார். எல்லோரிடமும் கேட்கும் கேள்வி.

"சீக்" என்றார் அத்தான். நோயாளி என்பதற்கு அந்த மொழியில் உள்ள சொல். எந்த மொழியிலும் அந்தச் சொல்லை அவர் தன்னைப் பற்றிச் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

பல்வைத்தியர் எழுதினார். தள்ளுநாற்காலி தேவைப்படுமா என்று அடுத்த கேள்வி. அத்தானுக்கு அந்தச் சொல் பிடிபடவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். தமிழில் சொன்னேன்.

"கோயில் கிட்டவோ, தூரமோ?"

"கேட்டுச் சொல்லுறன்."

"கேள்" என்றார் அத்தான். "தூரமெண்டால் வேணும்."